வெயிலில் படுத்துவிட்ட ருபார்ப் செடிகளைக் காப்பாற்ற முடியுமா?

பண்டாரவளைத் தோட்டக்காரி
மார்ச் 9, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். பண்டாரவளை டவுனில் இருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் 8 ருபார்ப் செடிகள் வைத்தேன். புளிப்புத் தண்டில் ஜாம் காய்ச்சுகிற குளிர்நாட்டுச் செடி அது. தைப்பொங்கலுக்குப் பிறகு அடித்த வெயிலில் அவை படுத்துவிட்டன. எத்தனை உயிரோடு இருக்கின்றன என்றே தெரியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நான் செய்ததில் எது பிழை என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இவை கடையில் வாங்கிய செடிகள் இல்லை. கந்தப்பளையில் என் பெரியம்மா வீட்டு வாசலில் ஒரு பழைய தூர் இருக்கிறது. பெரியப்பா பங்களாவில் தோட்ட வேலை பார்த்த காலத்தில் கொண்டுவந்து நட்டது. அதன் இலை முறம் அகலத்துக்கு இருக்கும், தண்டு என் கட்டைவிரலை விட மொத்தம். பெரியம்மா அந்தத் தண்டை நறுக்கி, சீனியும் இஞ்சியும் போட்டு ஜாம் காய்ச்சுவார். நாங்கள் சின்ன வயதில் காலை ரொட்டிக்கு அதைத் தொட்டுச் சாப்பிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனோம். பெரியப்பா இப்போது இல்லை. போன ஒக்டோபரில் தூர் மிகவும் நெருங்கிவிட்டது என்று பெரியம்மா அதைப் பிரித்தபோது 8 துண்டு எனக்குத் தந்தார். ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் வெலிமடை வழியாக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு துண்டை அவகாடோ மரத்துக்குக் கிழக்கே வைத்தேன். அங்கே மத்தியானத்துக்கு மேல் நிழல் வந்துவிடும். மிச்சம் 6 துண்டையும் வெட்டவெளிப் பாத்தியில் வைத்தேன். அடையாளத்துக்குத் தகரத் துண்டில் 1 முதல் 6 வரை எழுதிக் குத்தியிருக்கிறேன். நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரிப் பாத்திகளில் கறுப்புப் பொலித்தீன் விரித்திருப்பதைப் பார்த்திருந்தேன். களை வராது, ஈரமும் நிற்கும் என்று நினைத்து நானும் அந்த 6 செடிக்கும் விரித்தேன்.

மழை இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் வந்தது. பொங்கலுக்கு ஒவ்வொன்றிலும் ஐந்தாறு இலை. எல்லப் பக்கம் சின்ன விடுதி வைத்திருக்கும் ஒருவர் என் பெரியம்மாவின் ஜாமை ருசி பார்த்துவிட்டு மாதம் 20 போத்தல் கேட்டிருந்தார். அந்த ஆசையில் ஒவ்வொரு செடியிலும் மூன்று தண்டு எடுத்துவிட்டேன்.

பெப்ரவரி முதல் கிழமையில் இலைகள் மத்தியானத்தில் தொங்கத் தொடங்கின. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். அந்திக்கு நிமிர்ந்தன. அடுத்த நாளும் அப்படியே. இப்படி ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஒரு வாளி, அந்திக்கு ஒரு வாளி. பிறகு இலை ஓரம் காய்ந்து, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. செடிக்குச் சத்தில்லை என்று நினைத்து யூரியா ஒரு மேசைக்கரண்டி வீதம் போட்டேன். அதற்கு அடுத்த கிழமை தண்டுகள் அடியில் சாய்ந்து தரையோடு படுத்துவிட்டன. வராந்தாவில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் நிழலிலேயே 29 காட்டியது. பொலித்தீன் மேல் உள்ளங்கையை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

இன்று நிலைமை இதுதான். அவகாடோ மரத்தடியில் உள்ள இரண்டும் வாடி மெலிந்திருக்கின்றன, ஆனால் நடுவில் பச்சை இருக்கிறது. வெளியில் உள்ள 6இல் 1, 2, 4, 6 மேலே சருகு மட்டும்தான். 3ஐயும் 5ஐயும் தொட்டால் அடி கொழகொழவென்று இருக்கிறது.

என் நாத்தனார் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு கோவா (முட்டைக்கோஸ்) நடச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. இது செத்த செடியா, தூங்குகிற செடியா என்று எப்படிப் பார்ப்பது? தண்ணீரைக் கூட்டுவதா குறைப்பதா? சருகை வெட்டுவதா விடுவதா? தயவுசெய்து சொல்லுங்கள்.


கந்தப்பளை மரக்கறி
மார்ச் 9, இரவு 10.15

தங்கச்சி, பிடுங்காதீங்க. முதலில் அந்தக் கறுப்புப் பொலித்தீனை எடுங்க. நாளைக்கு என்று வைக்காமல் விடிந்ததும் எடுங்க. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பக்கம் ஸ்ட்ரோபெரிக்குப் பொலித்தீன் விரிக்கிறோம் என்றால் இங்கே மண் குளிர். ஜனவரி, பெப்ரவரியில் விடியக்காலை புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். பொலித்தீன் மண்ணுக்குக் கொஞ்சம் சூடு தரும், பழமும் மண்ணில் படாது. நுவரெலியா 1,868 மீட்டர், கந்தப்பளையும் ஏறக்குறைய அதே மட்டம். பண்டாரவளை 1,225 மீட்டர் அளவில் இருக்கிறது. 100 மீட்டர் இறங்கினால் அரை டிகிரிக்கு மேல் சூடு கூடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்க. உங்கள் பாத்தி எங்கள் பாத்தியை விட எப்போதும் 4 டிகிரி போல சூடாகத்தான் இருக்கும். ருபார்ப் பகலில் 24 டிகிரிக்குள் இருந்தால் சந்தோஷமாக வளரும். 27 தாண்டினால் இளைக்கும். 32ஐ நெருங்கினால் இலையைக் கைவிட்டு, இருக்கிற உயிரை எல்லாம் கிழங்குக்குள் இழுத்துக்கொண்டு படுத்துவிடும். நிழலில் 29 என்றால், கறுப்புப் பொலித்தீனுக்குக் கீழே வேர் இருந்த இடம் எவ்வளவு வெந்திருக்கும் என்று யோசிங்க. மரத்தடியில் பொலித்தீன் இல்லாமல் இருந்த இரண்டும் தப்பியது அதனால்தான்.

அடுத்தது தண்ணீர். மத்தியானம் இலை தொங்குவதைப் பார்த்துப் பயந்துவிட்டீங்க. அது தண்ணீர்க் குறைவால் வருவதில்லை. முறம் அகல இலை வெயிலில் விடுகிற நீருக்கு ஈடாக வேரால் உறிஞ்ச முடியாது, அதனால் தொங்கும். அந்திக்கு நீங்கள் ஊற்றாமல் இருந்தாலும் நிமிர்ந்திருக்கும். விடியக்காலை 6 மணிக்குப் போய்ப் பாருங்க. அப்போதும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் உடனே ஊற்றாதீங்க. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்க. விரல் நுனி காய்ந்து வந்தால் ஊற்றலாம். ஈரமாக வந்தால் பிரச்சினை வேரில் இருக்கிறது, தண்ணீர் அதைக் கூட்டத்தான் செய்யும். சூடான மண்ணும் ஓயாத ஈரமும் சேர்ந்தால் கிழங்கழுகல் கட்டாயம் வரும். 3, 5க்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஊற்றும்போது நாளுக்கு இரண்டு வாளி வேண்டாம். கிழமைக்கு இரண்டு தரம், செடிக்கு 10 லீட்டர், விடியக்காலையில், மெதுவாக. செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி வட்டமாகப் பள்ளம் எடுத்து அதில் ஊற்றுங்க. தூரின் நடுவில் ஊற்றக் கூடாது. வேர் கீழே போகப் பழகட்டும்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க மண்வெட்டியைத் தொடாதீங்க, மண் கிளறுகிற முள்ளும் வேண்டாம். கையால்தான். சருகை மெல்ல ஒதுக்கி, தூரின் தலையில் இருக்கிற மண்ணை விரலால் சுரண்டி எடுங்க. இரண்டு அங்குலம் போதும். அங்கே கட்டைவிரல் நுனி அளவில் மொட்டு தெரியும். சிவப்பும் வெளிர்ச் சிவப்புமாக, மேலே மெல்லிய பழுப்புத் தோல் மூடி இருக்கும். அழுத்திப் பாருங்க. பச்சைக் கொய்யாக்காய் மாதிரி கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பார்த்ததும் மூடிவிடுங்க. பழுப்பாகி, அழுத்தினால் விரல் உள்ளே போய், அழுகிய கிழங்கு நாற்றம் வந்தால் அந்த இடம் போய்விட்டது.

முழுக்கச் சருகானதை எடுத்துவிடலாம். பாதி பச்சை இருக்கிற இலையை வெட்டாதீங்க. அந்தப் பாதிதான் இப்போது கிழங்குக்குச் சோறு போடுகிறது. உரம் எதுவும் வேண்டாம். யூரியா சூட்டில் நொந்த வேரை இன்னும் சுட்டிருக்கும். புது இலை உள்ளங்கை அளவு வரட்டும், பிறகு மக்கிய சாணி ஒரு கூடை போடலாம்.

ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நட்டு மூன்று மாதத்தில் தண்டு எடுத்தீங்க பாருங்க, அது பெரிய பிழை. பிரித்து நட்ட கிழங்கு முதல் வருடம் முழுக்கத் தனக்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். சேமிப்பு இல்லாத நேரத்தில் வெயில் வந்துவிட்டது. கோபத்தில் சொல்லவில்லை தங்கச்சி. நானும் என் முதல் தூரை இப்படித்தான் இழந்தேன்.


வெலிமடைத் தம்பி
மார்ச் 10, காலை 6.50

அக்கா, கந்தப்பளை அண்ணன் சொன்னதுதான் சரி. நான் வேறு ஒரு வழியும் சொல்கிறேன். கிழங்கை நம்பி மட்டும் இருக்காமல் விதையும் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் புளோரிடா, தெற்கு டெக்சாஸ் மாதிரி சூடான இடங்களில் ருபார்ப்பை வருடக்கணக்கில் வைத்திருப்பதில்லை. வெயில் தணியும்போது விதை போட்டு, குளிர் மாதங்களில் வளர்த்து, அடுத்த வெயிலுக்கு முன் அறுத்து முடித்துவிடுவார்கள். விக்டோரியா என்ற பழைய இனம் விதையிலேயே நன்றாக வரும். தண்டு பச்சையும் சிவப்பும் கலந்து இருக்கும். உங்கள் பக்கம் செப்டம்பரில் நாற்று விட்டால் ஒக்டோபர் மழைக்கு நடலாம்.

சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு போன் எடுத்துக் கேளுங்கள்.


பண்டாரவளைத் தோட்டக்காரி
மார்ச் 11, இரவு 7.30

அண்ணன், தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. உங்கள் பதிலைப் படித்துவிட்டு அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. விடிந்ததும் முதல் வேலையாகப் பொலித்தீனை எடுத்தேன். கீழே மண் வெந்து, மேலே பச்சைப் பாசியும் புளித்த வாடையும். காற்றே போயிருக்கவில்லை.

அண்ணன் சொன்ன மாதிரி விரலால் சுரண்டினேன். முதல் நம்பரில் கை நடுங்கியது. ஒரு அங்குலம் எடுத்ததும் சிவப்பாக ஒன்று தெரிந்தது. வெங்காயத் தோல் மாதிரி ஒரு சவ்வு மூடி இருந்தது. அழுத்தினேன், கெட்டி! பக்கத்திலேயே அதைவிடச் சின்னதாக இன்னொன்று. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். 2இலும் 4இலும் ஒவ்வொரு மொட்டு. 6இல் மொட்டு இருக்கிறது, ஆனால் சின்னது, நிறமும் மங்கல். எல்லாவற்றையும் மூடிவிட்டேன்.

3 முழுக்கப் போய்விட்டது. மண்ணோடு சேர்ந்து சாணி மாதிரி வந்தது. 5இல் ஒரு பக்கம் அழுகல், மறு பக்கம் கெட்டியாக இருக்கிற மாதிரித் தெரிகிறது. அதை என்ன செய்வது? அழுகலை வெட்டினால் பிழைக்குமா? தோண்டி எடுக்காமல் அப்படியே ஈரச்சாக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

விதையும் போடுகிறேன் தம்பி. ஆனால் பெரியப்பா நட்ட தூரின் துண்டு இது. விதையில் வருவது அதே செடியாக இருக்காது, இல்லையா? இதைக் காப்பாற்றத்தான் எனக்கு ஆசை.


ஹப்புத்தளை நாற்றுமேடை
மார்ச் 11, இரவு 9.05

மகள், ஈரச்சாக்கை எடுத்துவிடு. அழுகலுக்கு ஈரம் சாப்பாடு.

நான் 31 வருடம் தேயிலை நாற்றுமேடையில் நின்றவன், ஓய்வு எடுத்து 6 வருடம் ஆகிறது. ருபார்ப் என் தொழில் இல்லை. வீட்டில் 3 தூர் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அழுகின வேரையும் காய்ந்த குருத்தையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

5ஐ முழுக்கத் தோண்டி எடு. இந்த ஒன்றுக்கு மட்டும் முள்ளைப் பயன்படுத்தலாம், தூரில் இருந்து ஒரு அடி தள்ளிக் குத்தி நெம்பு. தண்ணீரில் மண்ணைக் கழுவு. கழுவினால்தான் எல்லை தெரியும். கத்தியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, அழுகலுக்கு அப்பால் நல்ல பகுதியிலும் ஒரு விரல் அகலம் சேர்த்து வெட்டு. வெட்டிய முகம் மஞ்சளாக, கெட்டியாக, சுத்தமாக இருக்க வேண்டும். நடுவில் பழுப்புக் கோடு ஓடினால் இன்னும் வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் திரும்பக் கொதிநீரில் போடு. இந்த இடத்தில் சோம்பல் படக் கூடாது. மிஞ்சுகிற துண்டில் ஒரு மொட்டாவது இருந்தால் போதும். விறகுச் சாம்பலைச் சலித்து வெட்டில் தடவி, நிழலில் ஒரு நாள் காய விட்டு, வேறு இடத்தில் நடு. 3 இருந்த குழியிலும் 5 இருந்த குழியிலும் மூன்று நாலு வருடத்துக்கு ருபார்ப் வைக்காதே. கோவா வைத்துக்கொள். உன் நாத்தனார் பேச்சும் நிறைவேறும்.

நடும்போது மொட்டு மண்ணுக்குக் கீழே ஒரு அங்குலம் இருந்தால் போதும். பாத்தியை அரை அடி உயர்த்து, பக்கத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டு. ஏப்ரலில் பின்நேர இடிமழை கொட்டும்போது தண்ணீர் தேங்கினால் நீ பட்ட பாடெல்லாம் வீண்.

நீ கேட்டது சரிதான், விதையில் தாய்ச் செடி அப்படியே வராது. கிழங்கைப் பிரித்தால்தான் அதே செடி.

இனி முக்கியமான விசயம். உனக்கு இந்த பெப்ரவரி வெயில்தான் பெரிதாகத் தெரிகிறது. ஊவாப் பக்கத்துக்கு உண்மையான சோதனை ஜூலை, ஆகஸ்ட்தான். தென்மேற்குப் பருவத்தில் நுவரெலியா, ஹட்டன் பக்கம் மழையில் நனையும். அதே காற்று மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காய்ந்து, சூடேறி வரும். அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த வாசனை கிடைக்கிறது. ஆனால் அகல இலைச் செடிக்கு அது எமன். கந்தப்பளைத் தம்பிக்கு இந்தத் தொல்லை இல்லாததால் அவர் இதைச் சொல்லவில்லை. ஆகவே ஏப்ரல் மழையில் செடி துளிர்த்ததும் பிழைத்துவிட்டது என்று விட்டுவிடாதே. உனக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

அந்தக் காற்றும் மேற்கில் இருந்துதான், பின்நேர வெயிலும் மேற்கில் இருந்துதான். இரண்டுக்கும் ஒரே வேலி போதும். சித்திரைப் புத்தாண்டு முடிந்து மழை விழுந்ததும் பாத்திக்கு மேற்கே 4 அடி தள்ளி இரண்டு வரிசை சோளம் போடு. ஜூலையில் அது ஆள் உயரம் நிற்கும். நிரந்தரமாக வேண்டுமானால் குவாத்தமாலா புல் வை, ஆனால் அதன் வேர் பரவும், 6 அடியாவது தள்ளி வை. மேலே 50 சதவீத நிழல் வலை கட்டு. செடியோடு ஒட்டிக் கட்டாதே, காற்று ஓட வேண்டும்.

மூடாக்குக்கு மானாப்புல் வெட்டிப் போடு. தேயிலைக்குப் போடுகிற மாதிரியே நாலு அங்குலத் தடிப்பு. தூரைச் சுற்றி ஒரு கை அகலம் வெறுமையாக விடு. புல் மொட்டின் மேல் கிடந்தால் மழையில் அங்கே அழுகல் பிடிக்கும். நாலு அங்குலம் மானாப்புல்லுக்குக் கீழே மத்தியானம் கையை விட்டுப் பார், மண் சில்லென்று இருக்கும். பொலித்தீனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை உன் கையே சொல்லும்.

உன் காணி பழைய தேயிலை மண்ணா? அப்படியானால் மண்ணின் pH 4.5, 5 என்று இருக்கும். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ருபார்ப் கொஞ்சம் புளிப்பைத் தாங்கும், ஆனால் 6க்கு மேல் இருந்தால்தான் நன்றாகத் தின்னும். புளிப்பைக் குறைக்க டொலமைட் சுண்ணாம்புத்தூள் போடலாம், இப்போது இல்லை. துளிர்த்து ஒரு மாதம் போகட்டும். சாணி போடுகிற அதே நாளில் டொலமைட்டும் போடாதே, சத்து ஆவியாகப் போய்விடும்.


பதுளை ஆட்டுக்காரி
மார்ச் 12, காலை 11.20

அக்கா, செடி விசயம் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எடுத்த இலைகளை என்ன செய்தீர்கள்? ருபார்ப் இலையில் ஒக்சாலிக் அமிலம் அதிகம். தண்டுதான் சாப்பிட, இலை நஞ்சு. ஆடு, மாடு, முயல் எதற்கும் போட்டுவிடாதீர்கள். வாடின இலை கீழே கிடந்தால் ஆடு மேய்ந்துவிடும். பிள்ளைகள் இருந்தால் கீரை என்று நினைத்துப் பறிக்காமல் சொல்லி வையுங்கள். கூட்டெரு குழியில் போட்டு மூடலாம், மக்கிப்போன பிறகு பயமில்லை.


பண்டாரவளைத் தோட்டக்காரி
மார்ச் 12, இரவு 8.00

தங்கச்சி, நல்ல வேளை சொன்னீர்கள். பக்கத்து வீட்டில் இரண்டு ஆடு இருக்கிறது. சருகை வேலியோரம்தான் குவித்து வைத்திருந்தேன். இப்போதே குழியில் போட்டு மண் மூடிவிட்டு வந்து எழுதுகிறேன்.

அய்யா, 5ஐ எடுத்துக் கழுவினேன். மூன்று தரம் வெட்ட வேண்டியிருந்தது. முதல் இரண்டு தரமும் நடுவில் பழுப்புக் கோடு. மூன்றாவது தரம் முகம் முழுக்க மஞ்சள், வெட்டின மாங்காய் இஞ்சி மாதிரி. கடைசியில் என் உள்ளங்கைக்குள் அடங்குகிற துண்டுதான் மிஞ்சியது, அதில் ஒரே ஒரு மொட்டு. சாம்பல் தடவி ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறேன். நாளைக்கு அவகாடோ மரத்தடியில் நடுவேன்.

காணி பழைய தேயிலை மலைதான். தாத்தா காலத்தில் அங்கே கொழுந்து எடுத்திருக்கிறார்கள்.

விடுதிக்காரருக்கு போன் எடுத்து, டிசம்பர் வரை ஜாம் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார். பெரியம்மா தன் தூரில் இருந்து கொஞ்சம் தண்டு பஸ்ஸில் கொடுத்து அனுப்புவதாகச் சொல்கிறார். அதில் ஒரு தடவை மட்டும் காய்ச்சிக் கொடுப்பேன்.


கந்தப்பளை மரக்கறி
மார்ச் 13, காலை 5.45

அய்யா சொன்ன காற்று விசயம் எனக்குத் தெரியாமல்தான் போனது. நல்ல பாடம்.

தங்கச்சி, ஒன்று விட்டுப்போனது. வெயில் பட்ட செடி மழை கண்டதும் சில நேரம் இலைக்கு முதல் பூந்தண்டு விடும். உருண்டையாக, கோவாப்பூ மொக்கு மாதிரி நடுவில் கிளம்பும். பார்க்க அழகாக இருக்கிறது என்று விடாதீங்க. விதை கட்டுவதற்குக் கிழங்கைக் கரைத்துவிடும். கண்டவுடனே அடியில் வெட்டுங்க.

அப்புறம், மொட்டைப் பார்க்கத் தினமும் சுரண்டாதீங்க. ஆசை வரும். மாதத்துக்கு ஒரு தரம் போதும்.


பண்டாரவளைத் தோட்டக்காரி
மே 24, இரவு 8.15

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். சொல்லும்படி ஏதாவது வரட்டும் என்று காத்திருந்தேன்.

ஏப்ரல் 17க்கு நல்ல இடிமழை. அதற்குப் பிறகு ஐந்தாம் நாள் 1ஆம் நம்பரில் மண் வெடித்திருந்தது. அடுத்த நாள் விடிய டோர்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கசக்கிப் பிழிந்த துணி மாதிரி மடிந்து மடிந்து, மஞ்சளும் பச்சையுமாக ஒரு இலை, அதன் காம்பு சிவப்பு. ஒரு கிழமையில் அது விரிந்து உள்ளங்கை அளவானது. பிறகு 2, பிறகு 4. அவகாடோ மரத்தடி இரண்டும் இப்போது எட்டு எட்டு இலையோடு நிற்கின்றன. அதில் ஒன்று அண்ணன் சொன்ன மாதிரியே பூந்தண்டு விட்டது. வெட்டிவிட்டேன். 5இன் துண்டும் பிழைத்துவிட்டது. என் சுண்டுவிரல் நீளத்தில் ஒரே ஒரு இலை.

6ஆம் நம்பர் இன்னும் எழும்பவில்லை. மொட்டு கெட்டியாகத்தான் இருக்கிறது. மே முதலாம் திகதி ஒரு தரம் பார்த்தேன், அதற்குப் பிறகு தொடவில்லை. தகரத்தைப் பிடுங்கவும் இல்லை.

மானாப்புல் இரண்டு கட்டு கொண்டுவந்து போட்டேன். அய்யா சொன்னபடி மத்தியானம் கையை விட்டுப் பார்த்தேன், பீலித் தண்ணீரில் கை வைத்த மாதிரி சில்லென்று இருந்தது. சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. இரண்டு வரிசை என்றீர்கள், நான் மூன்று போட்டேன். மக்கிய சாணி போட்டு மூன்று கிழமை ஆகிறது. டொலமைட்டை அடுத்த மாதம் போடலாம் என்று வைத்திருக்கிறேன். 3 இருந்த இடத்தில் நாத்தனாரே வந்து கோவா நட்டுவிட்டுப் போனார், அவருக்கு நல்ல சந்தோஷம்.

ஒரு தண்டுகூட எடுக்கவில்லை. பார்க்கும்போது கை போகத்தான் செய்கிறது.

நிழல் வலை வாங்கிவிட்டேன், மூங்கிலும் வெட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கட்டலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு உயரத்தில் கட்டுவது அய்யா? வீட்டுக்காரர் 3 அடி போதும் என்கிறார். எனக்கு இன்னும் உயரமாக வேண்டும் போலத் தோன்றுகிறது.


ஹப்புத்தளை நாற்றுமேடை
மே 24, இரவு 9.30

5 அடி கட்டு மகள். நீ உள்ளே குனிந்து போய் வேலை செய்ய வேண்டும், இலையும் வலையில் உரசக் கூடாது. மேற்குப் பக்கம் மட்டும் தரையில் இருந்து ஒரு அடி வரை தொங்க விடு. கிழக்குப் பக்கம் திறந்தே இருக்கட்டும், காலை வெயில் அதற்கு வேண்டும். மூங்கிலை இரண்டு அடி ஆழத்துக்கு ஊன்று. ஜூலைக் காற்றில் ஒரு அடி நிற்காது. ஒக்டோபர் மழை பிடித்ததும் வலையை அவிழ்த்து மடித்து வை.

6ஆம் நம்பரை ஒக்டோபர் வரை விடு. என் மூன்றில் ஒன்று ஏழு மாதம் மண்ணுக்குள் கிடந்துவிட்டுத்தான் எழும்பியது.